பழுதைச் சொல்லும் விதம்

வணக்கம் நேயர்களே. நான் 27 ஆண்டுகளாக இயந்திரப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். தொடக்கத்தில் சிங்கப்பூரின் துவாஸில் பம்ப், கம்ப்ரஸர் வேலை. அப்புறம் வாகனப் பராமரிப்பு. என்னைப் பேச அழைத்தபோது எதைப் பற்றிப் பேசுவது என்று அதிகம் யோசிக்கவில்லை. ஞாயிறு இரவு 9 மணிக்கு நாங்கள் ஆறேழு பொறியாளர்கள் இணையம் வழியாகக் கூடி இயந்திரப் பழுதுகளைப் பற்றிப் பேசுகிறோமே, அதைப் பற்றித்தான். இருவர் கோயம்புத்தூரில், ஒருவர் கனடாவின் எட்மன்டனில், மற்றவர்கள் இங்கே ஜூரோங், உட்லண்ட்ஸ் பக்கம். எட்மன்டன்காரருக்கு அது காலை நேரம், கையில் காப்பியோடு வந்து உட்காருவார்.

ஒரு வேனின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

ஊபியில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கொண்டுவந்த சிக்கல் அது. பொருள் ஏற்றிச் செல்லும் டீசல் வேன், நாலு சிலிண்டர், பின்சக்கர இழுவை. தீவு விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தரையெல்லாம் அதிரும். "சக்கரம்தான் காரணம், பேலன்ஸ் சரியில்லை" என்று முதலிலேயே முடிவு சொல்லிவிட்டார். மூன்று முறை பேலன்ஸ் பார்த்து, டயரையும் மாற்றியாகிவிட்டது. அதிர்வு மட்டும் அப்படியே இருந்தது.

எங்கள் குழுவில் ஓர் இளம் பெண் பொறியாளர் இருக்கிறார், தொழிற்சாலைப் பம்ப்புகளின் அதிர்வை அளப்பது அவருடைய அன்றாட வேலை. "அண்ணே, எது காரணம்னு அப்புறம் பார்ப்போம். அந்த அதிர்வு விநாடிக்கு எத்தனை தடவை?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. மறுவாரம் அவரே அளவுக் கருவியோடு வேனில் ஏறிப் போய் அளந்துவந்தார். 72 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 80 அதிர்வு.

இந்த ஓர் எண் கிடைத்ததும் பேச்சே மாறிவிட்டது. 72 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 20 மீட்டர். அந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். ஆகவே சக்கரம் விநாடிக்கு 10 சுற்றுதான் சுற்றுகிறது. பேலன்ஸ் கெட்ட சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை உதறும், அதாவது 10. நாம் அளந்ததோ 80. டயருக்குச் செலவழித்த பணம் வீண் என்பது ஒரு நிமிடக் கணக்கில் தெரிந்துவிட்டது.

பின் அச்சின் பல்விகிதம் சுமார் 4. அப்படியானால், எஞ்சின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் விநாடிக்கு 40 சுற்று. அதன் முனைகளில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட், அதாவது வளைந்து கொடுக்கும் இணைப்பு, சாய்ந்த கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 40 இரண்டு தடவை, 80. பிடித்துவிட்டோம் என்று நான் சொன்னேன். கோயம்புத்தூர் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. அளந்தது நாலாவது கியரில், அது நேரடி கியர், ஆகவே எஞ்சினும் அதே 40 சுற்றில்தான் ஓடுகிறது. நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கும். அதுவும் 80! எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் செத்துப்போயிருந்தாலும் இதே அதிர்வு வரும் என்றார். அவர் சொன்னதும் சரி.

முக்கால் மணி நேரம் வாதாடினோம். பெரியவர்கள் நாங்கள் ஷாஃப்ட் கட்சி, மவுண்ட் கட்சி என்று பிரிந்துவிட்டோம். மறுபடியும் அந்தப் பெண்தான் வழி சொன்னார்: "அதே 72-ல மூணாவது கியர்ல ஓட்டிப் பார்த்தா?" சாலை வேகம் மாறாது, அதனால் ஷாஃப்டும் மாறாது. எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றும். அதிர்வு எண் ஏறினால் எஞ்சின், ஏறாமல் நின்றால் ஷாஃப்ட். ஒரு வெள்ளி செலவுகூட வேண்டாம், ஒரு கழற்றலும் வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தார்கள். 80-லேயே நின்றது.

அப்போதுதான் பட்டறை நண்பர் ஒன்றைச் சொன்னார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதே வேகத்தில் அதிர்வு காணாமல் போகிறதாம். கேட்கவே இல்லையே என்றார். வேனுக்கு வேறு என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டோம். கூடுதல் சுமை தாங்க வேண்டும் என்று உரிமையாளர் பின்னால் ஒரு பட்டை ஸ்பிரிங் சேர்த்திருக்கிறார், அதிர்வு அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. எல்லாம் பொருந்திவிட்டது. இரண்டு முனை ஜாயிண்ட்டின் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுகட்டும். பட்டை சேர்த்ததில் அச்சின் சாய்வு மாறி, கோணங்கள் சமமில்லாமல் போய்விட்டன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அச்சு இன்னும் கொஞ்சம் மூக்கைத் தூக்குகிறது. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கோணத்தைச் சரிசெய்தார்கள். தீர்ந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நண்பர் கெட்டிக்கார மெக்கானிக். அவர் கையில் எல்லாத் தகவலும் இருந்தது. ஆனால் எங்களிடம் கொண்டுவந்தது தகவலை அல்ல, தம் முடிவை. "பேலன்ஸ் போச்சு" என்று ஒருவர் சொன்னால் கேட்பவரின் மனமும் சக்கரத்தையே சுற்றும். எந்த வேகம், எந்த கியர், மிதிக்கும்போதா விடும்போதா, சூடானபிறகா குளிர்ந்திருக்கும்போதா, கடைசியாக எதைக் கழற்றினீர்கள். இதைச் சொல்லுங்கள், போதும். எஞ்சின் சூடேறுகிறது என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்குகிறது என்று சொன்னால் முதலில் விசிறியைப் பார்ப்பேன். விரைவுச்சாலையில் ஓடும்போதுதான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பையும் தண்ணீர் ஓட்டத்தையும் பார்ப்பேன்.

எங்கே இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். எட்மன்டன் நண்பர் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பற்றிப் பேசினால் உறைவதைப் பற்றித்தான் பேசுவார், அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 30 வரை இறங்கும். இங்கே உறையாதே, வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது. அலுமினிய சிலிண்டர் ஹெட் உள்ள எஞ்சினில் வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே அரிப்பு தொடங்கும். உறைவதைப் பற்றிய அறிவுரை நமக்குப் பொருந்தாது, அரிப்பைப் பற்றியது முழுக்கப் பொருந்தும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இங்கே 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் இருக்கிறது. சான்றிதழின் 10 ஆண்டு முடிந்ததும் பல காடிகள் சாலையை விட்டுப் போய்விடுகின்றன. இருபது வருடம் ஓடிய வண்டியின் தேய்மானத்தை இங்கே நாம் பார்ப்பது அபூர்வம். கோயம்புத்தூர் நண்பர்களுக்கு அது அன்றாடம். அவர்கள் சொல்லும்போது நான் குறிப்பேட்டை எடுத்துவைத்துக்கொள்வேன்.

நம்மவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். வயதில் மூத்தவர் பேசினால் இளையவர்கள் வாயைத் திறப்பதில்லை. மரியாதை நல்லதுதான். ஆனால் எனக்கே ஒன்று நடந்தது. ஒரு தொழிற்சாலையில் குழாய்களை இணைக்கும் பிளேஞ்ச் போல்ட்டுகள் இறுக்கும்போதே அறுந்தன. சரக்கு மட்டம் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். போல்ட்டை இறுக்கும் டார்க்கில், அதாவது திருகு விசையில், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பிடிமானமாகிறது, மீதியெல்லாம் போல்ட் தலையடியிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடும். மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறையும். அப்போதும் பழைய டார்க்கிலேயே இறுக்கினால் போல்ட் தாங்குவதைவிட அதிகமாக இழுபடும். அங்கே யாரோ நல்ல எண்ணத்தில் கிரீஸ் தடவியிருக்கிறார்கள். பயிற்சிக்கு வந்திருந்த பையன் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். சார் எழுதிவிட்டாரே என்று இரண்டு வாரம் பேசாமல் இருந்தான். அவன் தயங்கியது என்னால்தான். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் வயதில் இளையவர்தான் முதலில் பேசவேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. ஆலோசனை வாங்கிப் போகிறவர்கள் திரும்பி வந்து என்ன ஆனது என்று சொல்லவேண்டும். சரியானாலும் சொல்லுங்கள், ஆகாவிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். ஊபி நண்பர் அந்தத் தகட்டின் கோணம், வைத்தபிறகு எடுத்த அளவு எல்லாவற்றையும் எங்களுக்கு எழுதி அனுப்பினார். நாலு மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு சிற்றுந்துக்கு அதே குறிப்பு பயன்பட்டது.

இப்போது என் கையில் ஒரு லாரி இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி வைத்தது, பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் விடியற்காலை 4 மணிக்குக் காய்கறி ஏற்றும். மழை பெய்த இரவுக்கு மறுநாள் மட்டும், கிளப்பியதும் பெல்ட் கீச்சென்று கத்துகிறது. பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பெல்ட் புதியது. நாளைக் காலை, எஞ்சின் ஓடும்போது எட்ட நின்று பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கப்போகிறேன். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை, பெல்ட் வழுக்குகிறது. அடங்கிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. எது நடந்தது என்பதை வரும் ஞாயிறு 9 மணிக்கு அவர்களிடம் சொல்வேன். நன்றி, வணக்கம்.