மழைச் சத்தமும் முதுகுவலியும்

(மூணாறில் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் கூடியிருந்த கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற அக்காமார்களே, முன்வரிசையில் நாற்காலி இருக்கிறது, வாருங்கள். உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கும் என்றால் நின்றே கேளுங்கள். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

என் அம்மா இந்த மலையில் கொழுந்து எடுத்தவர். முதுகுவலி வந்ததும் போடிமெட்டு இறங்கி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். ஓரிடத்தில் ஸ்கேனைப் பார்த்து, "டிஸ்க் தேஞ்சுபோச்சு" என்றார்கள். இன்னோரிடத்தில், "பெரிசா ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தார். "நான் பொய் சொல்றேன்னு நெனச்சுட்டாங்களே" என்றார். வலியைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இரண்டு இடத்திலும் பாதிதான் சொன்னார்கள். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை மாதிரி. அதன் தேய்மானம் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, முதுகுவலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் ஸ்கேனில் தேய்மானம் தெரிகிறது. நரை மாதிரிதான் அதுவும்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? முதுகிலிருந்து நரம்பு வழியாக மேலே போவது ஆபத்துச் செய்தி மட்டுமே. தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதுபோல அந்தச் செய்தி கூடலாம், குறையலாம் என்று 1965இலேயே ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்தச் செய்தியை வலியாக்குவது மூளை. மூளை செய்வதால் அது கற்பனையாகிவிடாது. பார்வையையும் மூளைதான் உண்டாக்குகிறது. நாம் பார்ப்பதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லையே!

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குள் நரம்புகள் கூர்மையாகிவிடக்கூடும். சிலருக்குச் சேலை உரசினாலே சுள்ளென்கிறது. 2013இல் வந்த ஓர் ஆய்வில், முதுகுவலி புதிதாக வந்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வலி தீராமல் நீடித்தவர்களின் மூளையில், வலியோடு சேர்ந்த இயக்கம் உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகளுக்கு இடம் மாறியிருந்தது. அவற்றில் ஒன்று அமிக்டலா. பயத்தில் விழித்துக்கொள்ளும் பகுதியும் அதுதான்.

இதை நம் ஊரில் நான் ஒவ்வொரு மழைக்காலமும் பார்க்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து, லயங்கள் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளோடு 70 பேர் போனார்கள். அதன் பிறகு தகரத்தில் மழை விழுந்தாலே தூக்கம் போகிறது, தோள் இறுகுகிறது, விடிந்ததும் இடுப்பு இரட்டிப்பாக வலிக்கிறது என்று எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்! தூங்காத உடம்புக்கு வலி கூடும். வலி கூடினால் பயம் கூடும், பயந்தால் உடம்பை அசைக்கமாட்டோம், அசைக்காத முதுகு இன்னும் வலிக்கும்.

டாக்டர் அமிட்ரிப்டைலின், டுலாக்செடின் போன்ற மாத்திரை எழுதினால், "எனக்குப் பைத்தியமா?" என்று தூக்கி எறியாதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அந்த மருந்துகள் சிலவகை வலிகளையும் குறைக்கின்றன. ஒன்று மட்டும் எச்சரிக்கை: கால் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தாமதிக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்கு நான் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைதான். முதல் வாரம் லயத்து வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை நடை. நன்றாக இருக்கும் நாளில் கூட்டவில்லை, வலிக்கும் நாளில் நிறுத்தவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினோம். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் கோயில் வரை நடந்துபோய்த் தானே விளக்கேற்றிவிட்டு வந்தார்.

நான் அந்த மேசைப் பக்கம் உட்காருகிறேன், ஒவ்வொருவராக வாருங்கள். ஸ்கேன் கவரை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்றும் கேட்பேன்.