நலம் கால அட்டவணையில் இருக்கிறது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், ஓய்வு நாள் மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

"தொடர்கல்விக் கல்லூரிகளில் மாணவர், ஊழியர் நலத்தைப் பெரிதும் காப்பது நலச் சேவைகளா, அன்றாட நடைமுறைகளா?" இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. நான் அன்றாட நடைமுறைகளின் பக்கம் நிற்கிறேன். இங்கிலாந்தில் அப்படி ஒரு கல்லூரியில் பல ஆண்டுகளாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இன்று நான் பேசப்போவதெல்லாம் அந்த வகுப்பறையில் இருந்து வருவதுதான்.

இந்தக் கல்லூரிகளைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த நாட்டில் பிள்ளைகள் 16 வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு எழுதுகிறார்கள். அப்புறம் சிலர் பள்ளியிலேயே பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஏ லெவல் படிக்கிறார்கள். எங்களிடம் வருகிறவர்கள் மின்வேலை, குழாய் வேலை, முடி திருத்தம், குழந்தை வளர்ப்பு, சமையல், கார் பழுதுபார்ப்பு என்று ஒரு தொழிலைக் கையில் பிடிக்க வருகிறவர்கள். அதே கட்டடத்தில் ஆங்கிலம் கற்க வந்த அகதி இருப்பார். வேலை போய்ப் புதுத் தொழில் கற்க வந்த நடுவயதுக்காரர் இருப்பார். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள் 25 வயது வரைகூட இருப்பார்கள். 2005-இல் அரசுக்காக இந்தக் கல்லூரிகளை ஆராய்ந்த சர் ஆண்ட்ரூ ஃபாஸ்டர், பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் கவனிக்கப்படாமல் போன நடுப்பிள்ளை என்று இவற்றைச் சொன்னார். இந்த அரங்கத்தில் நடுப்பிள்ளையாகப் பிறந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். மூத்தவருக்கு மரியாதை, கடைக்குட்டிக்குச் செல்லம், நடுவில் இருப்பவர் தானே வளர்ந்துகொள்வார் என்ற நினைப்பு. அதை அனுபவித்தவர்களுக்கு எங்கள் கல்லூரிகளின் நிலையை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

சரி, எதிரணிக்கு வருகிறேன். எனக்கு முன் பேசிய தங்கை மூன்று விஷயங்கள் சொன்னார். கல்லூரியில் மனநல ஆலோசகர் வேண்டும் என்றார். ஆண்டுக்கு ஒரு முறை நலவாழ்வு வாரம் வைத்தால் விழிப்புணர்வு வரும் என்றார். வாழ்நாள் முழுக்க வரும் மனநலக் கோளாறுகளில் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன, அதனால் அந்த வயதினர் இருக்கும் இடத்தில் சேவைதான் முதல் தேவை என்றார்.

அந்தக் கணக்கு உண்மை. அதை நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கையே, அந்த வயதில் ஒரு பிள்ளை நாளின் பெரும் பகுதியை எங்கே கழிக்கிறது? ஆலோசகரின் அறையில் வாரம் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வகுப்பிலும் பேருந்திலும் கேன்டீனிலும் பகுதிநேர வேலையிலும். 1986-இல் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு ஒரு சாசனம் வெளியிட்டது. மனிதர்கள் எங்கே கற்கிறார்களோ, எங்கே வேலை செய்கிறார்களோ, விளையாடுகிறார்களோ, அன்பு செலுத்துகிறார்களோ, அங்கேதான் ஆரோக்கியம் உருவாகிறது என்று அதில் இருக்கிறது. கற்கும் இடமும் வேலை செய்யும் இடமும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது எங்கள் கல்லூரி.

ஆலோசகர் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்த பிள்ளையை அந்த அறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போயிருக்கிறேன். அந்தக் கதவு திறந்திருந்ததால் அந்தப் பிள்ளை இன்று இருக்கிறது. நான் கேட்பது வேறு. அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும் வரிசை ஏன் வருடத்துக்கு வருடம் நீள்கிறது? யார் அவர்களை அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்?

பணத்தில் இருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தில் 2004 முதல் இஎம்ஏ என்று ஒரு உதவித்தொகை நாடு முழுக்க இருந்தது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து 16 வயதுக்கு மேல் படிக்கும் பிள்ளைக்கு வாரம் 10, 20 அல்லது 30 பவுண்டு, அவர்கள் வங்கிக் கணக்குக்கே வரும். வகுப்புக்கு ஒழுங்காக வந்தால் போதும். 2011-இல் இங்கிலாந்தில் அதை நிறுத்தினார்கள். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நிறுத்தவில்லை. இங்கே அதற்குப் பதிலாக பர்சரி என்ற உதவி நிதி வந்தது. அதைக் கல்லூரியிடம் கேட்க வேண்டும், வீட்டு நிலைமையைக் காகிதத்தில் காட்ட வேண்டும். தொகை ஒருபக்கம் இருக்கட்டும். உரிமையாக வந்த காசுக்கும் கேட்டு வாங்கும் காசுக்கும் நடுவில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தன்மானம் நிற்கிறது. விண்ணப்பப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு பருவம் முழுக்கச் சுற்றிய பையனை நான் பார்த்திருக்கிறேன். அவனிடம் கேட்டால் "மறந்துட்டேன் மிஸ்" என்பான். மறக்கவில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாப்பாடும் அப்படித்தான். பள்ளியின் மேல்வகுப்பில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு இலவச மதிய உணவு உண்டு, அதே வயதில் அதே வறுமையில் எங்களிடம் படிக்கும் பிள்ளைக்குச் சட்டப்படி இல்லை என்ற நிலை 2014 செப்டம்பர் வரை இருந்தது. அப்புறம்தான் ஒரு சாப்பாட்டுக்கு 2 பவுண்டு 41 பென்ஸ் கணக்கில் எங்களுக்கும் வந்தது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது எந்த நலவாழ்வு வாரமும் இல்லை, ஒரு விதிமாற்றம். பசியோடு இருக்கும் பிள்ளைக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன செய்வது?

இப்போது என் சொந்த வகுப்புக்கு வருகிறேன். இதை நிதானமாகச் சொல்ல எனக்கு நேரம் வேண்டும், நடுவர் ஐயா.

ஜிசிஎஸ்இ கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெறாத பிள்ளை, 18 வயது வரை அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படித்தே ஆக வேண்டும். 2014-இல் இருந்து கல்லூரிக்கு வரும் நிதியோடு இந்த விதியைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். 1 முதல் 9 வரை தரம் போடும் இப்போதைய முறையில் 4 வந்தால் தேர்ச்சி. 3 வாங்கியவர் அதே ஜிசிஎஸ்இ தேர்வைத்தான் மறுபடி எழுத வேண்டும். நவம்பரில் ஒரு வாய்ப்பு, கோடையில் ஒரு வாய்ப்பு. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து பேரும் ஏற்கெனவே ஒருமுறை "உனக்கு வராது" என்று காகிதத்தில் எழுதி வாங்கியவர்கள். சிலர் மூன்று முறை வாங்கியவர்கள். மாடியில் பட்டறையில் மின்கம்பியை அளந்து வெட்டி, சுமையைக் கணக்கிட்டு, தப்பில்லாமல் இணைக்கிற பையன், கீழே என் வகுப்புக்குள் வந்ததும் தலையை மேசையில் கவிழ்த்துக்கொள்வான். அவனுக்குக் கணக்கு வராமலில்லை. இந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் பழைய தோல்விதான் அவனுக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

இந்தப் பிள்ளைக்கு நலச் சேவை என்ன செய்யும்? தேர்வுப் பதற்றம் என்று எழுதி ஆலோசகரிடம் அனுப்பும். ஆலோசகர் பதற்றத்தைத் தணிப்பார். மறு வாரம் அவன் அதே அறைக்கு, அதே பழைய வினாத்தாளுக்குத்தான் திரும்பி வருவான். நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் மாதம் வினாத்தாளையே எடுக்கவில்லை. அவரவர் தொழிலில் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் கணக்குகளைக் கொண்டுவரச் சொன்னேன். முடிச்சாயம் கலக்கும் விகிதம், சுவருக்கு வேண்டிய ஓடுகளின் பரப்பளவு, குழந்தைகள் காப்பகத்தில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்ற வகுத்தல். ஒரு மாதத்தில் தலைகள் நிமிர்ந்தன. இது பாட நடைமுறை. இதற்கு யாரும் நலத் திட்டம் என்று பெயர் வைக்கவில்லை.

அப்புறம் தூக்கம். பதின்வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தை அழைக்கும் மெலட்டோனின் சுரப்பது இரவில் தாமதமாகிறது. பெற்றோர் நினைப்பதுபோல் எல்லாமே கைபேசியின் வேலை இல்லை. அந்த வயதுப் பிள்ளைக்குக் கிடங்கில் மாலை வேலையும் சேர்ந்தால் என்ன ஆகும்? நம் கல்லூரிகளில் எத்தனையோ அவர்களுக்குக் கஷ்டமான பாடத்தைக் காலை 9 மணிக்கு வைக்கின்றன. அன்று அடுத்த வகுப்பு மாலை 3 மணிக்கு. நடுவில் உள்ள நேரத்தில் உட்கார இடமில்லை, கையில் காசில்லை. அவன் வீட்டுக்குப் போய்விடுவான். வருகைப்பதிவு குறையும், எச்சரிக்கைக் கடிதம் போகும், வீட்டில் சண்டை வரும், கடைசியில் அவன் நலப்பிரிவின் வாசலில் வந்து நிற்பான். அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது ஒரு கால அட்டவணை.

தங்கை இன்னொன்றும் சொன்னார். எங்கள் கல்லூரிச் சுவரில் இருப்பதுபோல் அவர் கல்லூரியிலும் நலவாழ்வுக்கு ஐந்து வழிகள் என்ற சுவரொட்டி இருக்கிறதாம். பிறரோடு பழகு, உடலை இயக்கு, சுற்றிலும் கவனி, கற்றுக்கொண்டே இரு, கொடு. 2008-இல் ஆய்வு செய்து சொன்ன நல்ல வழிகள் அவை. ஐந்துக்கும் நேரம் வேண்டும், இடம் வேண்டும். தனக்கு வழிகாட்டும் ஆசிரியரான டியூட்டரோடு உட்கார்ந்து பேசவும், விளையாடவும், பாடத்துக்கு வெளியே எதையாவது செய்யவும் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 114 மணி நேரத்துக்கு நிதி வந்துகொண்டிருந்தது. 2011-இல் அது 30 ஆனது. 2022-இல் 40 மணி நேரம் கூட்டிக் கொடுத்தார்கள், அதிலும் முதல் உரிமை கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும். சுவரொட்டி ஒட்டியிருக்கிறது, அதைச் செய்யும் நேரம் போய்விட்டது.

ஊழியர்களைப் பற்றி எதிரணி அதிகம் பேசவில்லை. பழக்கூடை வைக்கலாம், மதிய இடைவேளையில் யோகா வைக்கலாம் என்றார்கள். மதிய இடைவேளை எங்கே இருக்கிறது என்று என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1993 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்தின் கல்லூரிகள் உள்ளாட்சியை விட்டு விலகித் தனித்தனி நிறுவனங்களாக நிற்கின்றன. பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்குப் பரிந்துரை செய்யும் குழு எங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. பள்ளி ஆசிரியரைவிட எங்கள் ஆசிரியருக்குச் சம்பளம் குறைவு. அதனால் ஆட்கள் நிற்பதில்லை. ஒருவர் போனால் அவர் வகுப்புகளைப் பக்கத்தில் இருப்பவர் தலையில் ஏற்றுவார்கள். அவரும் களைத்துப் போவார். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர், ஒவ்வொரு செப்டம்பரிலும் தனக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று தெரியாமல் கோடை முழுக்கக் காத்திருப்பார். காலையில் காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் உள்ளேயே உட்கார்ந்து அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவார். அவருக்கு ஊழியர் உதவி எண் கொடுத்தார்கள். அழைத்தார், அன்பாகவே பேசினார்களாம். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே இருந்தது.

பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வுகளில் மைக்கேல் மார்மட் குழுவினர் கண்டது என்ன? தன் வேலைமேல் தனக்குக் கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. வேலையிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு ஆணையமும் வேலை மன அழுத்தத்துக்கு ஆறு காரணங்கள் சொல்கிறது. வேலைச்சுமை, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்பின் தெளிவு, மாற்றத்தைக் கையாளும் விதம். இந்த ஆறில் ஒன்றாவது பழக்கூடையால் தீருமா? வேலையிடச் சுகாதாரம், பாதுகாப்பு பற்றிய 1974-ஆம் ஆண்டுச் சட்டமும் 1999 விதிமுறைகளும் மன அழுத்தத்தையும் மற்ற ஆபத்துகளைப்போல் மதிப்பிட்டுக் குறைக்க வேண்டிய பொறுப்பை முதலாளிமேல் வைக்கின்றன. வழுக்கும் தரையைக் கண்டால் உடனே துடைக்கிறோம். வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் கூடுதலாகத் திருத்தும் வேலையைக் கண்டால் மட்டும், சமாளிக்கும் பயிற்சி வகுப்புக்கு ஆளை அனுப்புகிறோம்.

நுழைவாயிலில் அடையாள அட்டை பார்க்கும் காவலரையும் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளை மூன்று நாளாக அதே சட்டையில் வருகிறது, எது யாரோடும் பேசாமல் போகிறது என்று எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அவரை ஒப்பந்த நிறுவனம் மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் அந்தக் கண்ணும் போய்விடும்.

நடுவர் முதல் மணி அடித்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

சமூகப் பராமரிப்பு படித்த ஒரு பெண். வீட்டில் நோயாளி அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு தம்பிகள். தம்பிகளைக் கிளப்பிவிட்டு வர அவளுக்கு ஒன்பதரை ஆகும். திங்கட்கிழமை 9 மணிக்கு என் வகுப்பு. முதல் பருவத்தில் பாதி நாள் அவள் வரவில்லை. கடிதங்கள் போயின. மன அழுத்தம் என்று ஆலோசகரிடம் அனுப்பினோம். நான்கு முறை பேசிய பிறகு அந்த ஆலோசகரே அட்டவணை போடும் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். இந்தப் பெண்ணுக்குத் தேவை நான் இல்லை, பத்தரை மணி வகுப்பு என்று. இரண்டு வரிதான். அடுத்த வாரமே அவளை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். அதன்பின் அவள் ஒரு திங்கட்கிழமையும் விடவில்லை.

எதிரணி போற்றும் ஆலோசகரை நானும் போற்றுகிறேன். எங்கள் கல்லூரியில் அடுத்த ஆண்டு அட்டவணையைக் கோடைக்கு முன்பே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நிதி அதிகாரி இருப்பார், துறைத் தலைவர்கள் இருப்பார்கள். அந்த மேசையில் ஆலோசகருக்கு ஒரு நாற்காலி, மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த அக்காவைப் போன்றவருக்கு ஒரு நாற்காலி, திங்கட்கிழமை காலை தம்பிகளைக் கிளப்பும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கேட்கிறேன். எங்கள் அணிக்குத் தீர்ப்பு வந்தாலும் வராவிட்டாலும், நாளைக் காலையில் நான் போய்க் கேட்கப்போவது அதைத்தான். வணக்கம்.