அச்சுக்கூலியை யார் கொடுத்தது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். "கஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் பொதுவாழ்வைத் தாங்கியது வணிகமா, நெஞ்சுரமா?" என்பது இன்றைய வழக்கு. நெஞ்சுரமே என்று எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் வணிகத்தின் பக்கம் நிற்கிறேன். கைதட்டல் குறைவாக விழும் பக்கம் இது என்று தெரிந்தேதான் நிற்கிறேன்.

1806இல் சென்னையில், அவுரியும் துணியும் விற்ற குடும்பத்தில் பிறந்தவர் செட்டியார். படிப்பை நெடுக நீட்டாமல் தந்தையின் தொழிலுக்கே வந்து பொருள் ஈட்டினார். அக்காலச் சென்னையில் ஆங்கிலம் கற்றவர்களில் பலர், அன்று ஆட்சி நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனியான கும்பினியின் அலுவலக நாற்காலியை நோக்கி நடந்தார்கள். அந்த நாற்காலியில் அமர்ந்தவர் கும்பினியைக் கண்டித்து எழுத முடியாது. செட்டியாருக்குச் சோறு போட்டது அவருடைய கடை. அதனால்தான் 1844 அக்டோபரில் 'கிரசண்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கி, எட்வர்ட் ஹார்லி என்ற முன்னாள் படைவீரரை ஆசிரியராக அமர்த்த அவரால் முடிந்தது. அந்தப் பத்திரிகையின் விளம்பரத்தைப் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியிட அதிகாரிகள் மறுத்தார்கள். பத்திரிகை நிற்கவில்லை.

1852 பிப்ரவரியில் சென்னை சுதேசிச் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டே, வரிச்சுமையையும் நீதிமன்றங்களின் தாமதத்தையும் எடுத்துரைக்கும் விண்ணப்பம் ஒன்று இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குப் போனது. காலத்தைக் கவனியுங்கள்: இந்தியாவை ஆள நாடாளுமன்றம் கும்பினிக்கு அளித்திருந்த உரிமைச் சாசனம் 1853இல் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் பேரம் பேசினால்தான் பேச்சு எடுபடும் என்பதும், முகவர் கணக்கில் கைவைத்தால் முதலாளிக்கே நேராக எழுத வேண்டும் என்பதும் சந்தையில் பழகியவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத பாடங்கள். சென்னை அரசு அமர்ந்திருந்த கோட்டையின் வாசலில் கைகட்டி நிற்காமல் லண்டனுக்கு எழுதியதில் எனக்குத் தெரிவது அந்த வணிக மூளைதான்.

இனி, எதிரணியார் மிகவும் நம்பியிருக்கும் சித்திரவதை விவகாரத்துக்கு வருகிறேன். நிலவரி கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிப்பதற்குக் கிட்டி என்று பெயர். உடலை வளைத்துக் கயிற்றால் பிணித்து நிறுத்துவதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். இந்தக் கொடுமை பற்றி எழுதியதோடு செட்டியார் ஓய்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் இயங்கிய இந்திய சீர்திருத்தச் சங்கத்தின் தலைவரும் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினருமான டான்பி சீமோர் 1853இல் சென்னைக்கு வந்தபோது, அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று கண்ணாலேயே காண வைத்தார். மாதிரியைப் பார்க்காமல் எந்த வணிகர் சரக்குக்கு விலை சொல்வார்? 1854இல் நாடாளுமன்றத்தில் இந்தப் பேச்சு எழுந்தது, விசாரணைக் குழு அமைந்தது, வரி வசூலில் சித்திரவதை நடந்தது உண்மை என்று 1855இல் அக்குழுவே அறிக்கை தந்தது. கண்ணீரை மட்டும் கொண்டுபோயிருந்தால் கும்பினி அதை மிகை என்று தள்ளியிருக்கும்.

செல்வர்கள் எத்தனையோ பேர் இருந்தார்களே, அவர்கள் ஏன் செய்யவில்லை என்று எதிரணியார் கேட்டார்கள். நியாயமான கேள்வி; அந்த இடத்தில் நெஞ்சுரத்துக்கு ஒரு பங்கை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் வழக்கு எது தாங்கியது என்பது. அரசுப் பட்டமும் 1863இல் சட்டமன்ற இடமும் பெற்ற செட்டியார், 1868இல் இறந்தபோது பெருஞ்செல்வம் கரைந்து வறுமையில் இருந்தார். வணிகத்தை அவர் பொருட்படுத்தவில்லை என்பதற்கு எதிரணியார் இதைச் சான்றாகக் காட்டினார்கள். எண்ணெய் வற்றிப்போனதைக் காட்டி, விளக்கு எண்ணெயால் எரியவில்லை என்று வாதிடுவதா?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அரசு கைவிரித்த அந்தப் பத்திரிகைக்கு ஆண்டுக்கணக்கில் அச்சுக்கூலியை நெஞ்சுரம் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு தம் உரையைத் தொடரட்டும்.