சப்ஊஃபருக்கு எதுக்கு ரெண்டு காயில்? மாத்திச் சேத்தா ஆம்ப் புகையும் மக்கா!

மக்கா, இந்தா என் கையில கருப்பா இருக்கே, இது ஆம்ப்பு, கார்ல ஸ்பீக்கருக்குப் பவர் குடுக்குத ஆம்ப்ளிஃபையரு. மோந்து பாத்தா இன்னும் தீஞ்ச நாத்தம் போகல. கோயில் கொடைக்கு கார்ல ஊருக்குப் போறேன், நாங்குநேரி தாண்டல, பாட்டு பொசுக்குன்னு நின்னுட்டு, டிக்கியத் தொறந்தா புகை. என்ன தப்பு பண்ணேன்னா அரை சாண் வயர்த்துண்டு, அத இடம் மாத்திச் சேத்துட்டேன், அம்புட்டுதான். எந்த வயருன்னு காட்டுதேன், இருங்க.

முதல்ல டோர் ஸ்பீக்கர். சீக்கிரம் முடிச்சிருவோம். ஆறரை இன்ச் போடுங்க, டோர் தகரத்துல அதிர்வ அமுக்குத டேம்பிங் ஷீட் ஒட்டுங்க, இல்லன்னா ஸ்பீக்கரு பாடுததவிட தகரந்தான் ஜாஸ்தி பாடும். டப்பாவுல 1000 வாட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பானுவ, அதப் பாக்காதீங்க, பொடி எழுத்துல ஆர்எம்எஸ்னு இருக்கும் பாருங்க, விடாம தாங்குத பவரு, அதான் நெசம்.

இப்ப நம்ம சோலிக்கு வருவோம். இந்த சப்புல, அதான் கும்முன்னு பேஸ் அடிக்குத சப்ஊஃபர்ல, வயர் மாட்ட நாலு டெர்மினல் இருக்கு, ஏன்னா உள்ள ரெண்டு காயில், அதான் கம்பிச் சுருள், ஒவ்வொண்ணும் 4 ஓம். ஓம்னா என்னன்னு கேக்குத அண்ணாச்சிமாருக்கு, பாளையங்கால்வாய நெனச்சுக்கிடுங்க. தண்ணி மட்டந்தான் வோல்டேஜ், மடைதான் காயில், மடை தண்ணிய எம்புட்டு தடுக்குதோ அதான் ஓம். ஒரு மடைக்குப் பக்கத்துலயே அதே அளவுல இன்னொரு மடையத் தொறந்தா தண்ணி ரெண்டு மடங்கு போகும்லா? அதான் பேரலல், பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ், 4 ஓம் 2 ஓம் ஆயிரும். ஒரு மடையில பூந்த தண்ணி அடுத்த மடையிலயும் பூந்துதான் வெளிய வரணும்னா அது சீரிஸ், முதல் காயில் மைனஸ்ல இருந்து ரெண்டாவது காயில் பிளஸ்ஸுக்கு ஒரே ஒரு துண்டு வயர், 8 ஓம். ஓம் கொறைய கொறைய கரண்ட்டு கூட போகும், சத்தமும் கூடும், அந்தத் தண்ணிய விடாம மட்டத்துல நிறுத்த வேண்டிய பாவப்பட்ட பய யாருன்னா ஆம்ப்பு.

என்கிட்ட இதே மாதிரி சப் ரெண்டு. ஆசையில எல்லாத்தயும் பேரலல்ல போட்டேன், 1 ஓம் ஆயிட்டு. ஆம்ப்புல போட்டிருக்கு, 2 ஓமுக்குக் கீழ போகாதேன்னு. சவத்த, யாரு படிச்சா!

இதுல ஒரு கூத்து என்னன்னா, 4 ஓம் டபுள் காயில் சப் ரெண்ட வச்சு, நாலு காயிலுக்கும் கரண்ட்டு சமமா போகணும்னா, நீங்க குட்டிக்கரணம் போட்டாலும் 2 ஓம் வராது. 1, 4, 16, இந்த மூணுதான். 2 ஓம் வேணும்னா 2 ஓம் காயில் உள்ள சப்பா ரெண்டு வாங்கணும், ஒவ்வொண்ணயும் சீரிஸ்ல போட்டு 4 ஆக்கி, ரெண்டயும் பேரலல்ல சேத்தா 2. நான் சப்ப மாத்தல, அதே சப்ப 4 ஓமுக்குச் சேத்துட்டேன், சத்தம் கொஞ்சம் கம்மிதான், ஆனா புது ஆம்ப்பு தொட்டா சூடே இல்ல. வயர் சேத்துட்டு ஆம்ப்புல மாட்டுததுக்கு முன்ன மல்டிமீட்டர ஓம்ல வைங்க. இந்தா, 4 ஓம் காயில் மூணரை சொச்சந்தான் காட்டும், அது அப்படித்தான், பதறாதீங்க.

அடுத்து பாக்ஸு. வில்லுப்பாட்டுல குடம் அடிக்கிறவர நீங்க எம்புட்டு பேரு கவனிச்சிருக்கீங்க? மட்டைய வச்சு குடத்து வாயில ஒரு தட்டு, வயித்துக்குள்ள 'கும்'னு வந்து நிக்கும். கழுத்துல நிக்கிற காத்து உள்ளயும் வெளியயும் ஸ்பிரிங் மாதிரி ஆடுது, அதான் அந்த சத்தம். போர்ட் பாக்ஸும், அதான் ஓட்டை வச்ச சப் பெட்டியும், அதே குடந்தாம்ல! பாக்ஸ் எந்த ஹெர்ட்ஸுக்கு டியூன் பண்ணிருக்கோ, இது 35, அந்த டோனப் போடுதேன், சப்போட கோன, முன்னால இருக்க கூம்பப் பாருங்க... ஆடுதா? ஆடவே மாட்டுக்கு. ஆனா காரே அதிருது. போர்ட்டுக்கு நேரா கைய வைக்கேன், காத்து ஃபேன் போட்ட மாதிரி அடிக்கி. மொத்த வேலையும் அந்த ஓட்டைக் காத்து பாக்கு. எத்தன தடவ பாத்தாலும் எனக்கு இது சலிக்கல. 35க்குக் கீழ இறங்குனா கோன் கட்டுப்பாடு இல்லாம துள்ளும், அதனால ஆம்ப்புல சப்சோனிக் ஃபில்டர், ரொம்பக் கீழ உள்ள சத்தத்த வெட்டுதது, அத ஆன் பண்ணிருங்க.

கடைசியா பவர் வயர். 500 வாட் ஆர்எம்எஸ் ஆம்ப்பு முழுசா பாடுனா 45 ஆம்பியர் பக்கம் இழுக்கும், 55 வாட் ஹெட்லைட் பல்பு பதினொண்ண ஒண்ணா எரியவிட்ட மாதிரி. செம்புன்னு சொல்லி வித்த வயர கத்தியால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியத்து மேல செம்பு முலாம். எனக்கும் ஒரு கடையில தலையில கட்டிட்டாங்க. ஃபியூஸு பேட்டரியில இருந்து ஒரு முழத்துக்குள்ள வரணும். அது ஆம்ப்பக் காப்பாத்த இல்ல, வயர் தீப்பிடிக்காம இருக்கதுக்கு.

உங்க சப்புக்கு மீட்டர் எம்புட்டு காட்டுதுன்னு கமெண்ட்ல போடுங்க மக்கா, ஆம்ப் மாடலையும் சேத்துப் போடுங்க, எப்படிச் சேக்கணும்னு நான் சொல்லுதேன். இந்தக் கருகுனத அடுத்த வாரம் பிரிச்சு, உள்ள எது போச்சுன்னு பாப்போம்.