நண்டு ஊருது, கொஞ்சம் நிறுத்துங்க

எல்லாருக்கும் வணக்கங்க. நான் ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர், அதாவது மாற்றுத்திறன் குழந்தைங்களுக்குச் சொல்லிக்குடுக்குற டீச்சர், வாரத்துல பாதி நாள் ஏதாவது ஒரு அங்கன்வாடியில தரையில சப்பணம் போட்டு உக்காந்திருக்குற ஆளு, இன்னைக்கு நாற்காலி போட்டு முன்னால மைக் வச்சிருக்காங்க, கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

பருப்பு கடையிற விளையாட்டு தெரியும்ல? குழந்தையோட உள்ளங்கையில நம்ம முழங்கைய வச்சு கடைஞ்சு, அம்மாவுக்கு ஒரு வாய் அப்பாவுக்கு ஒரு வாய்னு விரல் விரலா மடக்கி, கடைசில நண்டு ஊருது நரி ஊருதுன்னு ரெண்டு விரலு கை மேல ஏறிப்போயி அக்குள்ல கிச்சுகிச்சு. இதப் பத்திதான் பேசப்போறேன்.

ஒரு பால்வாடியில மூணரை வயசுப் பையன். பேச்சு இல்ல, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான், நாள் முழுக்க பாட்டில் மூடிய வரிசையா அடுக்கிட்டே இருப்பான். மத்த புள்ளைங்க வட்டமா உக்காந்து பாடும்போது இவனையும் தூக்கிட்டு வந்து நடுவுல உக்கார வைப்பாங்க, கத்திட்டு எந்திரிச்சு ஓடிருவான். நான் மட்டும் என்ன ஒழுங்கா, முதல் நாளு பை நிறைய பட அட்டை கொண்டுபோயி இது என்ன இது என்னனு கேட்டேன், அவன் அட்டைய வாங்கி அதையும் வரிசையில வச்சுட்டான்.

அடுத்த வாரம் அட்டையெல்லாம் வேணாம்னு நானும் பக்கத்துல உக்காந்து மூடி அடுக்குனேன், வாயே தொறக்கல. ரொம்ப நேரம் கழிச்சு என் வரிசையில கோணலா இருந்த ஒரு மூடிய எடுத்து நேரா வச்சான். அவ்ளோதான், ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதுக்கப்புறம்தான் பருப்பு. நண்டு அவனுக்குப் புடிச்சுப்போச்சு, தினம் தினம் அதே ஆட்டம். நல்லா பழகுனதும் ஒருநாள் முழங்கைகிட்ட விரல நிறுத்திட்டேன். சும்மா, பத்து செகண்ட். நமக்குத்தான் அது யுகம் மாதிரி, பெரியவங்களால வாயை மூடிட்டு இருக்க முடியாது பாருங்க. என் விரலப் பாத்தான், மூஞ்சியப் பாத்தான், விரலப் புடிச்சு மேல இழுத்தான். 'இன்னும் வேணும்'னு ஒரு ஆளுகிட்ட கேட்டுட்டான்ல, வார்த்தை அதுக்குப் பின்னாடிதான் வரும்.

எல்லா குழந்தைக்கும் கிச்சுகிச்சு ஒத்துக்காது, சிலதுக்கு லேசா தொட்டாலே எரிச்சல், அழுத்திப் புடிச்சா பரவால்ல. கைய இழுத்துக்கிட்டா விட்டுருங்க, 'வேணாம்'ங்கிறதும் ஒரு பதில்தான். உக்காந்தா சாஞ்சு விழுற குழந்தைய ரூம் மூலையில ரெண்டு சுவரும் முதுகத் தாங்குற மாதிரி உக்கார வச்சு விளையாடுற மண்ணு இருக்குற தட்டை ஒரு சின்ன ஸ்டூல் மேல வைங்க, விழாம இருக்கிறதுக்கே போயிட்டிருந்த கை விளையாட வந்துரும். காது கேக்காத புள்ள இருந்தா மியூசிக்கல் சேர்ல பாட்ட நிறுத்தும்போது ஒரு துண்டயும் தூக்கிக் காட்டுங்க, ஆட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

அங்கன்வாடித் திட்டம் 1975ல வந்துச்சு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்குன்னு தனியா ஒரு வழிமுறைய மத்திய அரசு வெளியிட்டது 2023 நவம்பர்லதான். வந்தது நல்லது, ஆனா எடை போடுறது, சத்துமாவு குடுக்குறது, போன்ல என்ட்ரி போடுறதுன்னு எல்லாத்தையும் அதே டீச்சர்தான் பண்றாங்க, அவங்களுக்கு பத்து செகண்ட் சும்மா இருக்க யாருங்க நேரம் குடுக்குறா?

'அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசுனாரு'ன்னு வீட்டுல காத்துட்டு இருக்காதீங்க. பால்வாடிக்கு அனுப்பிக்கிட்டே, டிஇஐசின்னு, குழந்தை வளர்ச்சியில இருக்குற தாமதத்த சீக்கிரமே பாத்து உதவுற அரசு மையம் இருக்கு, அங்கயும் கூட்டிட்டுப் போங்க, காசு கிடையாது.

இப்ப அந்தப் பையன்கூட பருப்பு கடையிறது ஒரு வாயாடிப் பொண்ணு. அது எங்கயும் நிறுத்தாது, ஒரே மூச்சுல அக்குளுக்குப் போயிரும். இவன் உடனே அடுத்த கைய நீட்டுறான்.