பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பேஸ்பால் கார்டுகளைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். பேஸ்பால் ஆட்டம் தெரியாதவர்களும் தாராளமாகக் கேட்கலாம், நான் பேசப்போவது அச்சைப் பற்றித்தான்.

1909 முதல் 1911 வரை, அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்ன அட்டைகளை வைத்துக் கொடுத்தது. அகலம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. முன்பக்கம் கல்லச்சு முறையில் வண்ணம் வண்ணமாக ஏற்றிய படம், பின்பக்கம் சிகரெட் விளம்பரம். ஒரே படத்துக்குப் பின்னால் பீட்மான்ட், ஸ்வீட் கேபொரல், போலார் பேர், ஓல்ட் மில் என்று எந்த பிராண்டும் இருக்கலாம். ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் அமெரிக்க அட்டைகளுக்கெல்லாம் பட்டியல் போட்டபோது இந்த வரிசைக்கு டி206 என்று எண் கொடுத்தார். இன்றுவரை அதுதான் பெயர்.

இதில் செய்தியாவது ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் கார்டுதான். 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. சரி, அதை விடுங்கள். அச்சின் கதை தெரியவேண்டுமானால் ஷெர்ரி மகீயின் கார்டைப் பார்க்க வேண்டும்.

பிலடெல்பியா அணிக்கு ஆடியவர் மகீ. ஆங்கிலத்தில் அவர் பெயர் (Magee) இரண்டு 'இ' (e) எழுத்துகளில் முடியும். முதலில் அச்சான கார்டில் அந்த இரண்டில் முன்னால் வரும் 'இ'க்குப் பதிலாக 'ஐ' (i) விழுந்துவிட்டது. சீக்கிரமே கவனித்துத் திருத்திவிட்டார்கள். அதனால் பிழையான கார்டு அபூர்வம், விலையும் பல மடங்கு. விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? திருத்தப்பட்ட சாதாரணக் கார்டை எடுத்து, அந்த 'இ'யைச் சுரண்டி 'ஐ' ஆக்கிவிடுகிறார்கள்.

இங்கேதான் பின்பக்கம் கைகொடுக்கிறது. பிழையோடு அச்சான கார்டுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் பீட்மான்ட் விளம்பரம்தான் இருக்கும். அதிலும் '150 படங்கள்' என்று குறிப்பிட்ட முதல் கட்ட அச்சு. பின்னால் வந்தவற்றில் அந்த எண் 350 என்று மாறியிருக்கும். ஆக, முன்னால் பிழை, பின்னால் வேறு பிராண்ட் அல்லது 350 என்று இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்கத் தேவையில்லை, அது போலி. 150 என்றே இருந்தாலும் லென்ஸை எடுத்து அந்த ஓர் எழுத்தைச் சுற்றி அட்டையின் மேல்பரப்பு கலைந்திருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், இந்தப் பொழுதுபோக்கிலேயே மிக அழகான துப்பு இந்த முன்-பின் பொருத்தம்தான்.

இதே தர்க்கம் 1952இல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட புகழ்பெற்ற வரிசையிலும் செல்லும். அதில் மொத்தம் 407 கார்டுகள். முதல் 80 கார்டுகளின் பின்பக்கம் கறுப்பு மையிலும் வந்தது, சிவப்பு மையிலும் வந்தது. 48ஆம் எண் ஜோ பேஜ், 49 ஜானி செய்ன். கறுப்பு மையில் அச்சானதில் ஒரு பகுதியில் இவருடைய வாழ்க்கைக் குறிப்பு அவர் முதுகிலும், அவருடையது இவர் முதுகிலும் ஏறிவிட்டது. சிவப்பு மையில் அந்தக் குழப்பம் இல்லை.

அப்புறம் மிக்கி மேன்டில், 311ஆம் எண். டாப்ஸ் கார்டுகளைத் தவணை தவணையாக வெளியிட்டது, அந்த வருஷத்தின் கடைசித் தவணை 311இல் தொடங்கி 407இல் முடிகிறது. எண்ணிப் பாருங்கள், 97 கார்டுகள். கார்டுகளைச் சேர்த்து அச்சடிக்கும் பெரிய ஷீட்டில் இடமோ 100. மீந்த மூன்று இடங்களை நிரப்ப மேன்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் மூவரையும் இரண்டு தடவை போட்டார்கள். ஆனால் இரண்டும் ஒன்றுபோல இல்லை. கார்டின் பின்னால் எண்ணைச் சுற்றி ஒரு பந்து வரைந்திருக்கும். அதன் தையல் ஒன்றில் வலப்பக்கம் பார்க்கும், இன்னொன்றில் இடப்பக்கம். விலையுயர்ந்த கார்டு என்று எல்லோரும் முகத்தையே பார்க்கிறார்கள். ஷீட்டின் கணக்கு அந்தத் தையலில் இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அச்சுத் தட்டில் யாரோ கைவைத்து மாற்றியதால் வருவதுதான் மாறுபாடு. தூசி விழுந்து மை பிடிக்காமல் போன வெள்ளைப் புள்ளி, ஒரு வண்ணம் கொஞ்சம் தள்ளி விழுந்த நிழல், இவையெல்லாம் அச்சுக் குறைகள். குறையையே 'அரிய வகை' என்று விலை ஏற்றி விற்பவர்கள் உண்டு. அதே இடத்தில் அதே மாற்றம் வேறு பல கார்டுகளிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

நிறத்தை மட்டும் நம்பியும் முடிவுக்கு வரக்கூடாது. 1962 டாப்ஸின் இரண்டாவது தவணையில் பச்சை சாயல் அடிக்கும் ஒரு வகை இருப்பது உண்மைதான். ஆனால் வெயில் பட்டாலே சாயம் மாறிவிடும். அந்தத் தவணையில் சில கார்டுகளில் படத்தை வெட்டியிருக்கும் அளவே வேறுபடும். அந்த மாதிரி நிலையான அடையாளத்தைத் தேடிப் பிடியுங்கள்.

மறுஅச்சைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். பழைய டாப்ஸ் கார்டில் படம் புள்ளிகளால் ஆனது, பெயர் எழுத்தோ முழு மையில் கெட்டியாக, ஓரம் கூர்மையாக நிற்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்துமே புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

ஓரங்களையும் அளந்து பாருங்கள். உலகிலேயே அதிகம் பேசப்பட்ட வாக்னர் கார்டின் ஓரத்தைத் தானே வெட்டியதாக, அதை விற்ற ஏலக்காரர் 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்தக் கார்டு உயர்ந்த தரச்சான்று பெற்றிருந்தது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 1974 டாப்ஸை ஆசையோடு சிபாரிசு செய்கிறேன். சான் டியேகோ பேட்ரஸ் அணி அந்த வருஷம் வாஷிங்டனுக்குப் போகப்போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். டாப்ஸும் நம்பி, வில்லி மெக்கவி உட்படப் பல பேட்ரஸ் ஆட்டக்காரர்களின் கார்டில் 'வாஷிங்டன்' என்று அச்சடித்துவிட்டது. புது அணிக்குப் பெயர் தெரியாததால் அந்த இடத்தில் 'நேஷனல் லீக்' என்று மட்டும் போட்டது. கடைசி நேரத்தில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் ரே க்ராக் அணியை வாங்கி, சான் டியேகோவிலேயே தங்கவைத்தார். டாப்ஸ் திருத்தி மறுபடி அச்சடித்தது. இரண்டு வகையும் இன்றும் கிடைக்கின்றன, பிரபலமில்லாத ஆட்டக்காரர்களுடையது அதிக விலையும் இல்லை. ஒரே ஆட்டக்காரரின் இரண்டு கார்டுகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸோடு அரைமணி நேரம் உட்காருங்கள்.

வணக்கம்.