மணவாளக்குறிச்சி மணலும் கழன்று வந்த கேப்பும்

வணக்கம். என் கையில் நீங்கள் பார்ப்பது, சிர்கோனியா என்னும் கெட்டியான வெள்ளைப் பொருளால் செய்து பல்லின் மேல் மாட்டும் கேப். நாகர்கோவிலில் நான் கிளினிக் தொடங்கிய புதிதில் பொருத்தி, நான்கே மாதங்களில் கழன்று, மண்டைக்காட்டு அம்மா ஒருவர் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தது. கருப்பட்டி மிட்டாய் தின்றபோது கையோடு வந்துவிட்டது என்றார். மிட்டாயின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் ஒட்டப் பயன்படுத்திய ரெசின் சிமென்ட் முழுவதும் பல்லின் மேலேயே இருக்க, கேப்பின் உட்புறமோ கழுவித் துடைத்த சிப்பியைப் போல வெறுமையாக இருந்தது. சிமென்ட் பல்லைப் பிடித்திருந்தது, சிர்கோனியாவைப் பிடிக்கவே இல்லை.

நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், மோனசைட் ஆகியவற்றுடன் பிரித்தெடுக்கப்படும் சிர்கான் என்னும் கனிமத்தில் சிர்கோனியமும் சிலிக்காவும் பிணைந்திருக்கின்றன. அந்தச் சிலிக்காவை நீக்கினால்தான் சிர்கோனியா கிடைக்கும். (இந்தக் கேப் எந்தக் கடற்கரை மணல் என்று கேட்காதீர்கள்; அது கேப்பைச் செய்த லேபுக்கே தெரியாது.) வேடிக்கை என்னவென்றால், நீக்கிய அந்தச் சிலிக்காதான் ஒட்டுவதற்கு நமக்கு வேண்டியிருந்தது. போர்சலின் கேப்பில் உள்ள கண்ணாடிப் பகுதியை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அரித்து நுண்குழிகளை உண்டாக்கும், சிலேன் என்னும் இணைப்புத் திரவம் அங்குள்ள சிலிக்காவைப் பற்றிக்கொள்ளும். சிர்கோனியாவில் அரிப்பதற்குக் கண்ணாடியும் இல்லை, பற்றுவதற்குச் சிலிக்காவும் இல்லை.

எனவே, 50 மைக்ரான் அலுமினாத் துகள்களைச் சுமார் 2 பார் அழுத்தத்தில் உட்புறத்தில் பீய்ச்சிச் சொரசொரப்பாக்குகிறோம். விளக்கருகே பிடிக்கிறேன், பாருங்கள்: பீய்ச்சிய இடம் மினுக்கம் போய் மங்கியிருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று எண்ணுவது தவறு, நுண்விரிசல்தான் மிஞ்சும். அதன்பின் எம்டிபி என்னும் ஒட்டு மூலக்கூறு கலந்த பிரைமர், அதாவது சிமென்டுக்கு முன் தடவும் பூச்சு. ஜப்பானின் குராரே நிறுவனம் 1981இல் உருவாக்கிய இந்த மூலக்கூறின் ஒரு முனையிலுள்ள பாஸ்பேட் சிர்கோனியாவைப் பிடிக்க, மறுமுனை ரெசினோடு இணைகிறது.

நான் செய்த பிழை இங்கேதான். வாயில் வைத்து அளவு பார்த்தபோது எச்சில் பட்ட கேப்பை, எனாமலுக்கு நாள்தோறும் பயன்படுத்தும் பாஸ்பாரிக் அமில ஜெல்லால் சுத்தம் செய்தேன். எச்சிலில் உள்ள பாஸ்பேட் போதாதென்று நானும் கொஞ்சம் சேர்த்தேன். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல அவை முன்னரே அமர்ந்துகொண்டதால், பின்னால் வந்த எம்டிபிக்கு இடமில்லாமல் போயிற்று.

இப்போது அளவு பார்த்து முடித்த பிறகே துகள் பீய்ச்சுகிறேன். அதன்பின் உட்புறத்தில் விரல்கூடப் படவிடுவதில்லை. அளவு பார்க்கும் முன்பே லேபில் பீய்ச்சி அனுப்பிவிட்டார்கள் என்றால், சிர்கோனியாத் துகள் கலந்த சுத்திகரிப்புப் பசையைத் தடவிக் கழுவலாம். பாஸ்பேட் அந்தத் துகள்களோடு போய்விடும்.

எல்லாக் கேப்புக்கும் இத்தனை பாடு தேவையில்லை. உயரமான, நன்றாகச் செதுக்கிய பல்லுக்குக் கிளாஸ் அயனோமர் சிமென்டே போதும் என்பது என் கருத்து. அந்த அம்மாவுடையது குட்டையான கடைவாய்ப்பல்; அங்கே கேப்பைத் தாங்குவது சிமென்டின் பிடிமானம் மட்டும்தான்.